வியாழக்கிழமை விமானம்

பம்பாயிலிருந்து துபாய் போக ஒன்றரை மணி நேரம், துபாயிலிருந்து பம்பாய் வர நாலேகால் மணி நேரம் என்று அட்டவணையில் போட்டிருக்கிறதே, திரும்பும்போது மட்டும் விமானம் நடந்தா வருகிறது என்று வைப்பின் தீவிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் சண்டைக்கு நின்றார். அங்கே கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம், உண்மையில் போகவும் வரவும் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான் என்று நான் இரண்டு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கடைசியில், வரும்போது எதிர்க்காற்று அடிக்கும் என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்.

எழுபதுகளின் கடைசியில், எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் மட்டாஞ்சேரி பஜாரில், மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு மாடியில், விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். பேருக்கு டைப்பிஸ்ட். உண்மையில் எல்லாம் நான்தான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை என்பதை ஊரே முறை வைத்து எனக்கு நினைவுபடுத்திக்கொண்டிருந்தது. மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் வரும். உலகத்து விமானங்கள் எல்லாம் எப்போது கிளம்பும், எப்போது சேரும் என்று அதில் இருக்கும். எந்த விமான நிலையத்துக்கும் எந்த விமான நிலையத்துக்கும் எத்தனை மைல் என்று பின்பக்கத்தில் பட்டியல் இருக்கும். வேலை இல்லாத மத்தியானங்களில் அதைப் படித்துப் படித்துப் பாதி எனக்கு மனப்பாடம். இதில் எனக்கு அசாத்தியக் கர்வம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கர்வத்துக்குத் தூபம் போட்டவர் அப்பா. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் கேள்வியை ஆரம்பிப்பார். "மெட்ராஸ் டு கல்கத்தா?" நான் மைலைச் சொல்வேன். "எத்தனை நாழி?" நேரத்தைச் சொல்வேன். அம்மா குழம்புக் கரண்டியோடு நின்று, "இது ரெண்டும் எவ்விடம் போப்போறதாக்கும்?" என்பாள். நாங்கள் மூன்று பேரும் அதுவரை விமானத்தில் காலெடுத்து வைத்தவர்கள் இல்லை. அப்பா முப்பது வருஷம் வெலிங்டன் தீவில் ஒரு தேயிலைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விமான நிலையமும் அந்தத் தீவில்தான் இருந்தது. ஆகையால் தலைக்குமேல் போகும் சத்தத்தை வைத்தே, இது பம்பாய் வண்டி, இது மெட்ராஸ் வண்டி என்று சொல்லிவிடுவார். பழைய ராஜா அரண்மனையான கொட்டாரத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டிலிருந்து காயலைத் தாண்டினால் ஓடுபாதை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் விமானம் நின்று மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

அண்ணா துபாயில் இருந்தான். ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொள்கிற வேலை. அவன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பா யார் யார் காலையோ பிடித்து எர்ணாகுளத்தில் ஒரு குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். அதை ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டு, பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் அண்ணா வாயைத் திறந்தான். அவன் கிளம்பின அன்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். விமானம் ஏறிப் போன சத்தம் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. கடிதம் அம்மா பேருக்கு வரும். அம்மா அதை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போவாள். திரும்பி வரும்போது கடிதம் வேறு மாதிரி மடித்திருக்கும்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பேப்பரை மடித்துக்கொண்டே அப்பா நாற்காலியிலிருந்து சரிந்தார். இடது பக்கம் அப்படியே போய்விட்டது. வாய் கோணிவிட்டது. ஆனால் புத்தி கண்ணாடி மாதிரி இருந்தது. பேச்சு குழறினாலும் எங்களுக்குப் புரிந்தது. டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் கொண்டு போட்டு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை, ஒரு வாரமோ பத்து நாளோ, வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று வாசலில் நின்று சொன்னார். நான் உள்ளே வந்தபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனை வரச்சொல்லு," என்றார். "நேக்கு அவனைப் பாக்கணும்."

இரண்டு வருஷத்தில் அண்ணாவைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் நாங்கள் செய்தது எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

சனிக்கிழமை காலையில் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். அப்பாவுக்கு உடம்பு மிகவும் மோசம், உடனே புறப்பட்டு வா என்று இங்கிலீஷில் எழுதினேன். ஒன்று துபாய்க்கு, இன்னொன்று பம்பாயில் இருந்த சித்தப்பாவுக்கு. கவுண்டரில் இருந்தவர் மலையாளி, அப்பாவை நன்றாகத் தெரிந்தவர். படிவத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்போழாயிருந்நு, மோளே?" என்றார் மெதுவாக. எப்போது நடந்தது என்று கேட்கிறார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிற்று. "ஒண்ணும் நடக்கலை சேட்டா. இருக்கார்."

அவர் படிவத்தை என் பக்கம் திருப்பித் தள்ளினார். "எங்கில் ஜீவனோடெ உண்டு என்னு ஒரு வாக்குகூடி எழுது. இல்லெங்கில் அவன் வேறே நிரீக்கும்."

உயிரோடு இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சேர், இல்லாவிட்டால் அவன் வேறு மாதிரி நினைத்துக்கொள்வான் என்கிறார். அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. மற்ற யாரையும்விட எனக்குத்தான் அது நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் வெளியூரில் இருப்பவனுக்குச் சாவைத் தந்தியில் யாரும் சொல்வதில்லை. தனியாக வழியில் வருகிறவன் இடிந்துபோய்விடுவான் என்று, உடம்பு மோசம், உடனே வா என்றுதான் அடிப்பார்கள். தெருமுனையில் வண்டியிலிருந்து இறங்கி, வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வருபவர்களை மாதம் இரண்டு பேராவது நான் பார்த்திருக்கிறேன். தந்தியைப் படித்ததுமே என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். ஒருவரிடமாவது, இன்னும் இருக்கலாம் என்று நான் சொன்னதில்லை.

அப்படியிருந்தும் அந்த ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார் என்று மை தொட்டு எழுதுவதா? எழுதின மாத்திரத்தில் அதற்கு எதிரானதைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டி வருவது போல் இருந்தது. வைப்பின்காரருக்கு இரண்டு தாள் செலவழித்துப் பாடம் நடத்தின புத்திசாலி நான். படிவத்தை அப்படியே அவரிடம் தள்ளினேன். "இது மதி சேட்டா," இது போதும் என்றேன். அவர் முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "எத்தனை மைலாக்கும் அங்கேர்ந்து?"

"துபாய் டு பாம்பே ஆயிரத்து இருநூறுப்பா. மூணு மணி நேரம். பாம்பேலேர்ந்து இவ்விடம் அறுநூத்துச் சொச்சம். ரெண்டு மணி நேரம்கூட ஆகாது."

"அப்போ அஞ்சு மணி." அவர் சிரிக்கப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. "பாலக்காட்டுக்குப் போறதுக்கே நாலு மணி வேணுமே."

ஐந்து மணி நேரம் என்ற கணக்கு தப்பில்லை. ஆனால் துபாயில் அண்ணாவின் பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் பெட்டியில் இருந்தது. அதை வாங்க ஒரு கையெழுத்து, நாட்டை விட்டு வெளியே வர ஒரு கையெழுத்து, கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஊருக்குப் போயிருந்தார். இதெல்லாம் என் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. திங்கள்கிழமை பதில் தந்தி வந்தது. புதன் சாயங்காலம் பம்பாய் வருகிறேன் என்று இருந்தது. உடனே ஆபீஸ் டெலெக்ஸில் சொல்லி, வியாழக்கிழமை மத்தியானம் பம்பாயிலிருந்து கிளம்பும் விமானத்தில் ஒரு இடத்தைப் பிடித்து வைத்தேன். அந்த வாரம் இடமே இல்லை. ஒருவரிடம் கெஞ்சி, ஒருவரை மிரட்டி வாங்கினேன். வியாழக்கிழமை சீட்டு இருக்கிறது என்று சித்தப்பாவுக்கு இன்னொரு தந்தி கொடுத்தேன்.

அப்பாவுக்கு நாளுக்கு நாள் மோசமாயிற்று. கஞ்சி இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து நகர்ந்தால் கண்ணைத் திறப்பார்.

"அஞ்சு மணி நேரத்துக்கு அஞ்சு நாளா?" என்று செவ்வாய்க்கிழமை கேட்டார்.

"வந்துண்டிருக்கான்பா. வெஷமிக்காதேங்கோ. வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு இறங்கிடுவான்."

"ரெண்டு மணி," என்றார். அதைப் பிடித்துக்கொண்டார். அவர் எதையோ பிடித்துக்கொண்டு தொங்குவதும், அந்தக் கயிற்றின் நுனி என் கையில் இருப்பதும் எனக்குத் தெரிந்தது. அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து, உணர்ச்சியற்ற இடது பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்க்காதே அம்மா, பிரயோஜனமில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை படகு பிடித்துத் தீவுக்குப் போய், ஒரு மணிக்கே விமான நிலையத்தில் நின்றேன். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தது. படியை வைத்தார்கள். தகரக் கொட்டகையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் இறங்குகிறவர்களை எண்ணினேன். கோட்டுப் போட்டவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண், டேப்ரிக்கார்டரைத் தோளில் தொங்கவிட்ட இரண்டு இளைஞர்கள். அப்புறம் விமானப் பணிப்பெண் இறங்கினாள். அதற்கப்புறம் துடைப்பத்தோடு ஒருவர் ஏறினார். நான் உள்ளே ஓடிப் பட்டியலைப் பார்த்தேன். நான் கெஞ்சி வாங்கின இடத்தில் வேறு யாரோ பேர் இருந்தது.

திரும்பி வரும் படகில் அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். மழையால் விமானம் திரும்பிப் போய்விட்டது என்று சொல்லலாம் என்றால் வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் குரல் வந்தது.

"பாம்பே வண்டி வந்தாச்சே. கேட்டேன். அவன் எவ்விடம்?"

"சீட்டு கெடைக்கலையாம்பா. நாளைக்கு வரானாம்."

அவர் என்னையே பார்த்தார். "நீயாக்குமே சீட்டு போட்டே."

நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். தாகம் இல்லை. இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஆபீசுக்கு ஓடி டெலெக்ஸ் அடித்தேன். பயணி தாமே வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார் என்று பம்பாயிலிருந்து பதில் வந்தது. தாமே. அந்த வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பம்பாய் வரை வந்தவன், இரண்டு மணி நேரத் தூரத்தில், சீட்டு இருக்க, தானாக ஒரு நாள் தங்கிவிட்டான். சித்தப்பாவின் அடுத்த வீட்டில் ஒரு டெலிபோன் உண்டு. டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். லைன் இல்லை என்றாள் ஆபரேட்டர். அரை மணி கழித்துக் கேட்டேன். லைன் இல்லை. எத்தனை நேரம் ஆகும் என்றேன். தெரியாது என்றாள். ஆபீஸ் பூட்டுகிற வரைக்கும் அதே பதில்தான். நான் உலகத்துத் தூரமெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவள். பம்பாயில் இருக்கும் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு வழி இல்லை. அண்ணாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்பாவோடு இருந்த பழைய வீம்பை இப்போது காட்டுகிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமையும் விமானம் சரியாக வந்தது. மூன்றாவது ஆளாக அண்ணா இறங்கினான்.

முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மழமழவென்று தலை வெயிலில் மின்னிற்று. மீசை இல்லை. புருவம் மட்டும் அந்த முகத்தில் தனியாக இருந்தது. அவன் கம்பிக்கு அருகில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"கடைசியா என்னைக் கேட்டாரா?" என்றான். "காரியமெல்லாம் ஆர் பண்றா?"

அடுக்கி வைத்திருந்த வார்த்தை ஒன்றும் என்னிடம் இல்லை. "அண்ணா," என்றேன். "அப்பா இருக்கார்."

அவன் கை நழுவிற்று.

டாக்ஸியில் ஏறினோம். தோப்பும்படி பாலம் வழியாக வீட்டுக்கு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் அவன் துண்டு துண்டாகச் சொன்னான். தந்தி கையில் கிடைத்த அன்றே, கூட இருந்தவர்கள் எல்லாரும் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்களாம். உடம்பு மோசம் என்று வந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே இருப்பவனுக்குச் சொல்லியா தரவேண்டும்? புதன்கிழமை பம்பாயில் இறங்கியதும் சித்தப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நின்றார். வீட்டுக்குக் கூட்டிப் போய் புரோகிதம் பண்ணும் வாத்தியாரை அழைத்துக் கேட்டார். மூத்த பிள்ளை க்ஷவரம் செய்துகொண்டு ஸ்நானம் பண்ணிவிட்டுத்தான் காரியத்தில் உட்காரலாம். வியாழக்கிழமை மத்தியான விமானத்தில் வந்தால் இங்கே இறங்கும்போது உச்சி தாண்டி க்ஷவரத்துக்கு நேரம் தவறிவிடும். வெள்ளிக்கிழமை தலையில் கத்தி படக்கூடாது. சனிக்கிழமையும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவன் கை கட்டி நிற்க வேண்டும். ஆகவே வியாழக்கிழமை காலையில் அங்கேயே முடித்துக்கொண்டு, மறுநாள் போகட்டும் என்று தீர்மானம் ஆயிற்று. டிக்கெட்டை மாற்றியவர் சித்தப்பாதான்.

"நீ ஒரு வார்த்தை எழுதப்படாதா?" என்றான் அண்ணா. "இருக்கார்னு ஒரு வார்த்தை."

"எழுதியிருந்தா நம்பியிருப்பியா?" என்றேன். சண்டைக்குச் சொன்னேனே ஒழிய, அவன் நம்பியிருப்பான் என்று எனக்கே தெரிந்தது. எனக்கு அவன்மேல் கோபம், சித்தப்பாமேல் கோபம், அந்த வாத்தியார்மேல் கோபம். எல்லாவற்றையும்விட என்மேல் கோபம். ஆயிரத்து எண்ணூறு மைலை ஒருவன் கடந்து வந்துவிட்டான். இனி அவன் தலையில் ஒரு மயிரை யாராலும் முளைக்க வைக்க முடியாது.

பாலத்துக்குமேல் போகும்போது அவன் பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்தேன். துபாயில் வாங்கின கனமான பச்சைத் துண்டு. தலையைச் சுற்றிக் கட்டினேன். சுமைதூக்குகிறவர் மாதிரி இருந்தது. அவிழ்த்து வேறு மாதிரி கட்டினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

அம்மா கதவைத் திறந்தாள். துண்டு காதுக்குமேல் கொஞ்சம் தூக்கியிருந்தது. அவளுக்கு அது போதும். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. திருமாங்கல்யத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு, "உள்ளே வா, காப்பி போடறேன்," என்று சொல்லிவிட்டு வேகமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அப்பா கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். விமானச் சத்தம் கேட்டதிலிருந்து அப்படித்தான் இருக்கிறார் என்று அம்மா பிறகு சொன்னாள். அண்ணா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தான். அப்பாவின் கண்ணோரத்தில் நீர் இறங்கிற்று. என்னமோ, கடவுளே, இது போதும், இத்தோடு விட்டுவிடு என்று நான் நினைத்தேன்.

"தலையில என்னது?" என்றார் அப்பா.

"ஜலதோஷம்பா."

"எடு."

அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் என்ன செய்ய முடியும்? அவன் துண்டை எடுத்தான்.

அப்பா அந்தத் தலையை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்தில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. எழுத எனக்குத் தைரியம் இல்லை.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே," என்றார் கடைசியில். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "ஆகாதே. எப்போ பண்ணிண்டே?"

"நேத்திக்கு," என்றான் அண்ணா. "பாம்பேல."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருஷம் கிடங்கில் எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் போயிற்று என்று பார்த்தவர். "அதாக்கும் நேத்து வராதது," என்றார்.

பிறகு, நன்றாக இருந்த வலது கையைத் தூக்கி அண்ணாவின் தலையில் வைத்தார். அந்தக் கை அதிக நேரம் அங்கே நிற்கவில்லை, சரிந்து கன்னத்தில் விழுந்தது. "வெயில்ல இந்தத் தலையோட அலையாதே," என்றார். அண்ணா கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினான்.

அதற்கப்புறம் எட்டு நாள் அப்பா இருந்தார். டாக்டருக்கே ஆச்சரியம். அண்ணா இரவும் பகலும் பக்கத்தில்தான் இருந்தான். கஞ்சி புகட்டினான், துணி மாற்றினான், புரட்டிப் படுக்க வைத்தான். அப்பா அவனிடம் பழைய கதை எதையும் எடுக்கவில்லை. எடுத்துத் தீர்த்துக்கொள்வார், இரண்டு பேரும் அழுது முடிப்பார்கள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். நடக்கவில்லை. அவர் அண்ணாவின் முகத்தைப் பார்ப்பார். பார்வை அங்கிருந்து மெதுவாக மேலே நகரும். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஏதோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார் என்பது நிச்சயம். அந்தத் தலையைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல அவருக்கு வரவில்லை. அண்ணா வீட்டுக்குள்ளேயும் பச்சைத் துண்டைச் சுற்றிக்கொண்டே திரிந்தான்.

ஒரு நாள் காலையில் துண்டு இல்லாமல் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். அடுத்த சந்திலிருந்து ஒரு மாமி வேலிக்கு மேலாக அதைப் பார்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு வாசல் வழியாக ஓடி வந்தாள். அம்மா போய் அவள் வாயைப் பொத்தினாள். "இருக்கார் மாமி. மெதுவா."

உள்ளே கட்டிலிலிருந்து, "ஆராக்கும் அழறது?" என்று அப்பா கேட்டார்.

"ஒருத்தரும் இல்லைன்னா. ரேடியோ," என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் அப்போது ரேடியோ கெட்டுப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அப்பா போனார். அண்ணா வாயில் கங்கை ஜலம் விட்டான். பிள்ளை கையால் விட்டாச்சு, பாக்கியசாலி என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எது பாக்கியம் என்று யாரையும் பிடித்துக் கேட்க எனக்குத் தெம்பில்லை. இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். போன அன்றைக்குக் கிழமை பார்ப்பதில்லை, காரியம் செய்கிற கர்த்தா க்ஷவரம் செய்துகொள்ளட்டும் என்று வாத்தியார் சொன்னார். ஏற்கனவே ஆயிற்றே என்று யாரோ இழுத்தார்கள். அது கணக்கில்லை, இப்போது மறுபடி செய்ய வேண்டும் என்றார் வாத்தியார்.

எங்கள் வழக்கமான நாவிதர் ஊரில் இல்லை. பள்ளுருத்தியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். எங்களைத் தெரியாத ஆள். கொல்லையில் கிணற்றடிக் கல்லில் அண்ணா உட்கார்ந்தான். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அந்த ஆள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, அண்ணாவின் தலையைத் தடவிப் பார்த்தார். கருக்கருக்கென்று முளைத்திருந்தது.

"வடிச்சிட்டு பத்து திவசம் ஆயிக்காணுமல்லோ," என்றார் அனுதாபத்தோடு. பத்து நாள் முன்னால்தான் எடுத்திருக்கிறது. ஒரே மாதத்தில் இரண்டு சாவா இந்த வீட்டில் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "அது ஆரா மரிச்சது?"

அண்ணா தலையைக் குனிந்தபடியே இருந்தான்.

"அச்சன்," என்றான். அப்பா.

"இப்போழோ?" இப்போது போனது யார் என்கிறார்.

"அச்சன்."

அந்த ஆள் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் சொம்பில் கையை விட்டுத் தண்ணீரை அள்ளி அண்ணாவின் தலையை நனைத்தார்.